வாஷிங் மெஷினில் போன கார் ரிமோட்டும் பெரியப்பா மறந்த இரண்டு எண்ணும்

எழுதியவர்: சத்துவாச்சாரி கணக்கு

வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். சுருக்கிச் சொன்ன இடத்திலெல்லாம் ஆளுக்கு ஒன்றாகப் புரிந்துகொண்டு ஆளுக்கு ஒரு வழி சொல்லிவிட்டார்கள்.

வண்டி 2012 வேகன் ஆர். ஆரணியில் பட்டுச்சேலைக் கடை வைத்திருக்கும் என் பெரியப்பாவிடமிருந்து போன தை மாதம் வாங்கினேன். ஆர்.சி. பெயர் மாற்றம், இன்சூரன்ஸ் எல்லாம் முடிந்தாயிற்று. பெரியப்பா அந்த வண்டியைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தவர். கம்பெனியில் கொடுத்த பூட்டு போதாது என்று வெளியே ஒரு கடையில் சைரன், சென்ட்ரல் லாக், ரிமோட் மூன்றும் சேர்ந்த செட் ஒன்றை மாட்டியிருந்தார். ரிமோட்டை அழுத்தினால்தான் வண்டி நம்மை நம்பும். வெறும் சாவியைப் போட்டுக் கதவைத் திறந்தால் தெருவே எட்டிப் பார்க்கும்.

ரிமோட் இரண்டு இருந்தது. ஒன்று பெரியப்பா காலத்திலேயே செத்துவிட்டது. இன்னொன்று போன வியாழக்கிழமை என் சுடிதார் பாக்கெட்டில் இருந்தபடியே வாஷிங் மெஷினுக்குள் போய், நாற்பது நிமிடம் சுற்றிவிட்டு வெளியே வந்தது. அரிசிக்குள் புதைத்து வைத்தால் ஈரத்தை இழுத்துவிடும் என்றார் அம்மா. பிரியாணிக்கு வாங்கி வைத்திருந்த சீரகச் சம்பாவில் இரண்டு நாள் கிடந்தது. ரிமோட் பிழைக்கவில்லை. அரிசியில் சோப்பு வாசனை ஏறியதுதான் மிச்சம்.

இப்போதைய நிலைமை இதுதான். சாவி பத்திரமாக என்னிடம் இருக்கிறது. சாவியால் கதவு திறக்கிறது, உடனே சைரன் அலறுகிறது. சாவியைத் திருப்பினால் டேஷ்போர்டில் விளக்குகள் எரிகின்றன. ஸ்டார்ட் செய்யப் போனால் ஒரு சத்தமும் இல்லை, டிக் என்றுகூட இல்லை. எங்கள் அப்பார்ட்மென்ட்டில் கார் நிற்பது கீழ்த்தளத்தில், நான்கு பக்கமும் சுவர். அந்த அலறல் அங்கே எப்படி எதிரொலிக்கும் என்பதை உங்கள் கற்பனைக்கே விடுகிறேன். மூன்றாம் மாடித் தாத்தா மதியத் தூக்கத்திலிருந்து எழுந்து லுங்கியோடு இறங்கி வந்தார். ஒன்றும் பேசவில்லை. பார்த்துவிட்டுப் போனார்.

பெரியப்பாவுக்கு போன் போட்டேன். "ரகசிய எண் ஒன்று இருக்கிறதே, ரெண்டு இலக்கம், அதைப் போட்டால் ரிமோட் இல்லாமலே வண்டி எடுக்கலாமே" என்றார். எங்கே போடுவது என்றால், "கீழே ஒரு பட்டன் இருக்கும்". எண் என்ன என்றால், "உனக்குத்தான் சொன்னேனே". சொல்லவில்லை. நான் கணக்கு எழுதும் வேலையில் இருப்பவள், எண்ணைச் சொன்னால் மறக்கமாட்டேன். செட்டோடு வந்த புத்தகம் ஆரணி வீட்டுப் பரணில் இருந்தது. எடுத்துப் பார்த்தால் கரையான் படித்து முடித்திருந்தது.

ஊரில் விசாரித்தேன். சாவி செய்பவர், "சாவியோடு ஒரு சின்னத் தகடு வந்திருக்கும், அதில் இருக்கும் கோடு நம்பர் இருந்தால் போதும்" என்கிறார். இன்னொருவர், "வண்டியின் கம்ப்யூட்டருக்கு ஒரு கோடு உண்டு, அதற்கு சர்வீஸ் சென்டர்தான் போகவேண்டும்" என்கிறார். மூன்றாமவர், "எந்தக் கோடும் வேண்டாம், காப்பி ரிமோட் ஒன்று வாங்குங்கள்" என்கிறார். எல்லாரும் கோடு கோடு என்கிறார்கள், ஆனால் ஒருவர் சொல்லும் கோடு இன்னொருவர் சொல்லும் கோடு இல்லை போலிருக்கிறது. எனக்கு வேண்டியது எது?

நான்கு நாளாக பஸ்ஸில் முத்துக்கடை போய், அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் சிப்காட் போகிறேன். நீரில்லாத ஆறு, அரசன் இல்லாத கோட்டை என்று நம் வேலூரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு அல்லவா, ஓடாத கார் ஒன்றையும் அதில் சேர்த்துக்கொள்ளலாம்.


எழுதியவர்: ஆற்காடு மக்கன்பேடா

மேடம், இதற்குப் போய் இவ்வளவு கவலையா? பேட்டரி நெகட்டிவ்வைக் கழற்றிப் பத்து நிமிடம் விட்டு மாட்டுங்கள். எல்லாம் அழிந்து புதுசாகிவிடும். இல்லாவிட்டால் ஸ்டேஷனில் சாவி தொலைந்ததாக எழுதிக் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிவிடுங்கள். என் மச்சானுக்கு அப்படித்தான் புதுச் சாவி கிடைத்தது.


எழுதியவர்: சத்துவாச்சாரி கணக்கு

சார், பேட்டரியை ஏற்கெனவே கழற்றிப் பார்த்தாயிற்று. பத்து நிமிடம் இல்லை, ஒரு ராத்திரி முழுக்க. காலையில் மாட்டியவுடன் விட்ட இடத்திலிருந்து அலற ஆரம்பித்தது. சாவி தொலையவும் இல்லை, கையில் இருக்கிறது. ரிமோட்டும் கையில்தான் இருக்கிறது, உயிர்தான் இல்லை. ஸ்டேஷனில் போய் எதைத் தொலைத்தேன் என்று எழுதிக் கொடுப்பது?


எழுதியவர்: காட்பாடி ஒயர்மேன்

இருபத்தாறு வருடமாக வண்டி ஒயரிங் வேலைதான் பார்க்கிறேன், தங்கச்சி. உன் கேள்வியில் பாதிப் பதில் இருக்கிறது. எல்லாரும் கோடு என்கிறார்கள், ஒன்று இன்னொன்று இல்லை என்றாயே, அதுதான் சங்கதி.

சாவித் தகட்டில் இருப்பது சாவியின் பல் வெட்டும் எண். சாவியே தொலைந்தால்தான் அது வேண்டும். உனக்கு வேண்டாம். வண்டிக் கம்ப்யூட்டரின் கோடு என்பது, சாவித் தலைக்குள் ஒரு சிப் இருக்கிறதே, அதை எஞ்சின் கம்ப்யூட்டருக்கு அறிமுகம் செய்து வைக்க வேண்டியது. கம்பெனியிலிருந்தே வரும் திருட்டுத் தடுப்பு அது, மாருதிக்காரர்கள் ஐகேட்ஸ் என்பார்கள். உன் சாவி பழைய சாவியேதான், சிப்புக்கு ஒன்றும் ஆகவில்லை, அதனால் அதுவும் உன் பிரச்சினை இல்லை. அந்த வழியில் சர்வீஸ் சென்டருக்குப் போனாயானால், வெளியே மாட்டிய செட்டை நாங்கள் தொடமாட்டோம் என்று திருப்பி அனுப்புவார்கள். அவர்கள் மேல் தப்பு இல்லை.

உன்னைப் படுத்துவது பெரியப்பா மாட்டிய பெட்டி. அது தனி ராஜ்ஜியம். ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் போகும் ஒயரை நடுவில் வெட்டி ரிலே என்ற மின் சுவிட்ச் ஒன்றைக் கோத்திருப்பார்கள். பெட்டி சம்மதித்தால்தான் ரிலே சேரும். அதனால்தான் டிக் சத்தம்கூட வரவில்லை. எந்த ஒயர், எங்கே சேர்த்தால் ஓடும் என்று இங்கே எழுதமாட்டேன், கோபித்துக்கொள்ளாதே. இதை நீ மட்டுமா படிக்கிறாய்.

பேட்டரி கழற்றச் சொன்ன தம்பிக்கு: பெட்டிக்குள் இருக்கும் நினைவுச் சில்லு மின்சாரம் போனாலும் மறக்காது. ரிமோட் எது, ரகசிய எண் எது, கடைசியாகப் பூட்டிய நிலையா திறந்த நிலையா, எல்லாம் அதில் அப்படியே கிடக்கும். பேட்டரியைக் கழற்றினால் திருடலாம் என்று ஆகிவிட்டால் அந்தப் பெட்டியை எவன் வாங்குவான்? அழிவது ரேடியோவின் ஸ்டேஷனும் கடிகாரமும்தான்.

காப்பி ரிமோட் கதை இன்னும் மோசம். கேட் திறக்கும் ரிமோட் மாதிரி ஒரே எண்ணைத் திரும்பத் திரும்ப அனுப்பும் ரிமோட்டைக் காப்பி அடிக்கலாம். அதற்கும் வேலை செய்யும் ரிமோட் ஒன்று பக்கத்தில் இருக்கவேண்டும். கார் செட்களில் பெரும்பாலும் ஒவ்வொரு அழுத்தலுக்கும் எண் மாறும். ரிமோட்டும் பெட்டியும் ஒரே வரிசையில் எண்ணிக்கொண்டே போகும். நேற்று அனுப்பிய எண்ணை இன்று அனுப்பினால் பெட்டி காதில் வாங்காது. ரோலிங் கோடு என்பது இதுதான். ஆக, இதோடு உன் கணக்கில் நான்காவது கோடு வந்துவிட்டது, அதுவும் உனக்கு வேண்டாம்.

உனக்கு வேண்டியது ஐந்தாவது. பெரியப்பா சொன்னதேதான், ஓவர்ரைடு எண். ஸ்டியரிங்குக்குக் கீழே, ஃபியூஸ் பெட்டிப் பக்கம் கையை விட்டுத் துழாவிப் பார். சின்னதாக ஒரு பட்டன், சில இடங்களில் கறுப்பு டேப் சுற்றிக் கட்டி வைத்திருப்பார்கள். இக்னிஷனை ஆன் செய்து, எண்ணின் முதல் இலக்கம் எத்தனையோ அத்தனை தடவை பட்டனை அழுத்து. கொஞ்சம் நிறுத்து, டேஷ்போர்டில் சிவப்பு எல்.இ.டி. ஒரு மினுக்கு மினுக்கும். இரண்டாவது இலக்கத்தை அதேபோல அழுத்து. எண் சரியாக இருந்தால் சைரன் அடங்கும், ஸ்டார்ட் ஆகும். நான் பார்த்த பல பெட்டிகளில் வாங்கும்போது எண் 11 என்று இருக்கும், மாட்டிக் கொடுப்பவன் மாற்றாமலே விட்டிருப்பான். முதலில் அதைப் போட்டுப் பார்.

அதற்கு முன்னால் பானெட்டைத் திறந்து சைரனின் கப்ளரை, அதாவது ஒயர் செருகும் பிளக்கை, பிடுங்கிவிடு. சில சைரன்களுக்குள் தனி பேட்டரி இருக்கும், பிடுங்கினாலும் கத்தும். அதற்கு ஒரு குட்டிச் சாவி உண்டு, பெரியப்பாவின் சாவிக் கொத்தில் இருக்கும்.

துவைத்த ரிமோட்டையும் தூக்கிப் போடாதே. திறந்து, உள்ளே இருக்கும் சின்ன பன்னிரண்டு வோல்ட் செல்லை எடுத்துவிட்டு, மொபைல் கடையில் சர்க்யூட் துடைக்கும் ஆல்கஹால் கேட்டு வாங்கி பழைய பல் பிரஷ்ஷால் தேய். காயவைத்துப் புது செல் போடு. அரிசி எல்லாம் சாப்பிடத்தான், தங்கச்சி.


எழுதியவர்: சத்துவாச்சாரி கணக்கு

அண்ணே, ரொம்ப நன்றி. நான்கு நாளாக எனக்கு யாரும் சொல்லாததை ஒரே பதிலில் சொல்லிவிட்டீர்கள்.

பட்டன் கிடைத்துவிட்டது. டிரைவர் சீட்டைப் பின்னால் தள்ளி, கால் வைக்கும் இடத்தில் தலையை வைத்து மல்லாந்து படுத்து, வாயில் டார்ச்சைக் கடித்துக்கொண்டு பார்த்தேன். ஃபியூஸ் பெட்டிக்கு மேலே, ஒயர் கட்டுக்குப் பின்னால், டேப் சுற்றி ஒரு கொட்டைப்பாக்கு அளவில் இருந்தது. பக்கத்திலேயே பெட்டியும். பெட்டி மேல் பால்பாயிண்ட் பேனாவில் ஏதோ எழுதியிருக்கிறதே, எண்தான் என்று துள்ளிக்கொண்டு தூசியைத் துடைத்தால், மாட்டிய தேதியும் "ஆரணி பார்ட்டி" என்ற இரண்டு சொல்லும். ஆரணி பார்ட்டி! பெரியப்பா கேட்டால் வருத்தப்படுவார்.

11 போட்டேன். இல்லை. குட்டிச் சாவி கொத்தில் இருந்தது, சைரன் இப்போது வாய் திறப்பதில்லை.

ரிமோட்டைத் துடைத்துப் புது செல் போட்டேன். அழுத்தினால் அதன் விளக்கு எரிகிறது, வண்டிக்குக் கேட்கவில்லை. செல் தொடும் பக்கம் பச்சையாகப் பூத்திருக்கிறது. செத்ததுதான்.

இன்னொன்று கவனித்தேன். மூன்று தடவை தப்பாகப் போட்டால் எல்.இ.டி. படபடவென்று மினுக்கி, அதன் பிறகு எதைப் போட்டாலும் ஏற்பதில்லை. இக்னிஷனை ஆஃப் செய்துவிட்டு ஐந்து நிமிடம் கழித்து வந்தால் மறுபடி மூன்று தடவை. கடிகாரம் வைத்துப் பார்த்தேன், ஐந்து நிமிடமேதான்.


எழுதியவர்: குடியாத்தம் டு மிச்சிகன்

இதைப் படித்ததும் சிரிப்பு வந்தது, ஏனென்றால் இதே வேலையை நான் இங்கே பனியில் செய்திருக்கிறேன். நான் வாங்கியது பழைய ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர், 2014 மாடல். இந்த ஊர் ஃபோர்டு வண்டிகள் பலவற்றில் டிரைவர் கதவுப் பக்கம் ஐந்து பட்டன் இருக்கும். ஐந்து இலக்க எண்ணை அடித்தால் சாவி இல்லாமலே கதவு திறக்கும். 1980லேயே கொண்டுவந்துவிட்டார்கள். ஆலையிலிருந்து வரும் எண்ணை அழிக்க முடியாது, நம் எண்ணைக் கூடுதலாகச் சேர்க்கத்தான் முடியும். அந்த ஆலை எண்ணை ஒரு சின்ன அட்டையில் அச்சடித்துப் புத்தகத்தோடு வைப்பார்கள். பழைய வண்டி வாங்குகிறவனுக்கு அட்டை எங்கே கிடைக்கும்? எனக்கும் கிடைக்கவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், பட்டனுக்கு இரண்டு எண் எழுதியிருக்கும், 1-2, 3-4 என்று. பத்து எண் மாதிரி தோன்றும், வண்டிக்குத் தெரிவது ஐந்து பட்டன்தான். 13579ஐயும் 24680ஐயும் அது ஒன்றாகத்தான் பார்க்கும். ஆக மொத்தமே 3125 வழிதான். அடுத்தடுத்த எண்களை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி வரிசைப்படுத்தினால், டி ப்ருய்ன் வரிசை என்று கணக்கில் வரும், 3129 அழுத்தலில் எல்லாவற்றையும் தொட்டுவிடலாம். இரண்டாவது எண்ணின் முதல் நான்கு இலக்கம் முதல் எண்ணிலேயே அடங்கிவிடுகிற மாதிரி அமைப்பது. நான் காகிதத்தில் எழுதி எடுத்துக்கொண்டு கையுறையோடு இறங்கினேன். முப்பத்தைந்து அழுத்தலுக்கு ஒருதரம் ஒரு நிமிடம் கதவை அடைத்துவிடும் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

கடைசியில் மனைவி மேனுவலைப் படித்துச் சொன்னாள். பதிவு செய்த இரண்டு சாவியும் கையில் இருந்தால், ஒன்றன்பின் ஒன்றாக வைத்து ஆன் செய்தால் மீட்டர் திரையிலேயே ஆலை எண் சில விநாடி வரும் என்று. இரண்டு சாவியும் வீட்டில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தன.

உங்கள் பெட்டியில் அப்படி ஒரு திரை இல்லை. ஆனால் இரண்டு இலக்கம்தானே? அடித்தே பார்த்துவிடலாமே.


எழுதியவர்: சத்துவாச்சாரி கணக்கு

குடியாத்தத்துத் தம்பி, நீங்கள் சொன்னதைத்தான் நேற்று ராத்திரி பழைய பில் ஒன்றின் பின்பக்கம் போட்டுப் பார்த்தேன்.

பட்டனைப் பூஜ்யம் தடவை அழுத்த முடியாது. ஆகவே ஒன்றிலிருந்து ஒன்பது வரை, இரண்டு இடம், எண்பத்தொன்று. ஒன்றன்மேல் ஒன்று ஏற்றும் வித்தை இதில் செல்லாது, நடுவில் நிறுத்தியாகவேண்டும். மூன்றுக்கு ஒருதரம் ஐந்து நிமிடம் காத்திருக்கவேண்டும், ஆக இருபத்தேழு சுற்று. காத்திருப்பே நூற்று முப்பது நிமிடம். அழுத்த ஒரு தடவைக்கு அரை நிமிடம் வைத்தால் மொத்தம் மூன்று மணி நேரத்துக்குப் பத்து நிமிடம் குறைவு. ஒரு படம் பார்க்கிற நேரம்.

ஆனால் இது மே மாதம், இது வேலூர். மூன்று மணி நேரம் காருக்குள் தலைகீழாகக் கிடந்தால் என்னை நாலு பேர் தூக்கவேண்டியிருக்கும். அதனால் குறைக்க வழி தேடி மறுபடி ஆரணிக்கு போன் போட்டேன். பெரியப்பா, "ஒரே எண் ரெண்டு தடவை வராது, அது மட்டும் ஞாபகம் இருக்கிறது" என்றார். ஒன்பது போயிற்று, எழுபத்திரண்டு. பெரியம்மா போனை வாங்கி, "அவர் எட்டு வைக்கவே மாட்டார்" என்றார். அது எனக்கும் தெரியும். கடை போன் நம்பரில் எட்டு இருக்கிறது என்று மூன்று மாதம் அலைந்து மாற்றியவர். சரி, எட்டு உள்ள எதுவும் வேண்டாம் என்றால் ஐம்பத்தாறு. அதோடு நிற்குமா? கூட்டினால் எட்டு வருவதும் அவருக்கு ஆகாது. பதினேழாம் தேதியிலும் இருபத்தாறாம் தேதியிலும் நல்ல காரியம் எதுவும் வைத்ததில்லை. ஒன்று ஏழு, இரண்டு ஆறு, மூன்று ஐந்து, இவற்றைத் திருப்பிப் போட்டது மூன்று. இந்த ஆறையும் கழித்தால் ஐம்பது.

ஐம்பது எண், பதினேழு சுற்று. நாளைக் காலை ஐந்தரைக்கு இறங்குகிறேன்.


எழுதியவர்: காட்பாடி ஒயர்மேன்

இறங்கு. ஆனால் ஒரேயடியாகச் செய்யாதே, இரண்டு காலையாகப் பிரித்துக்கொள். எஞ்சின் ஓடாமல் இக்னிஷனை ஆன் செய்து வைத்திருந்தால் பேட்டரி இறங்கும். ஏற்கெனவே சைரன் நாலு நாள் குடித்திருக்கிறது. கடைசியில் எண் கிடைத்து பேட்டரி இல்லாமல் போனால் அழுகைதான் வரும். காத்திருக்கும் ஐந்து நிமிடமும் சாவியை ஆஃபில் வை. ஏ.சி. ஃபேன், ரேடியோ, உள் விளக்கு எல்லாம் அணைத்துவிடு. கதவைத் திறந்தே வைத்தால் உள் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், சுவிட்சில் அணை.

பட்டனை நிதானமாக, ஒரே வேகத்தில் அழுத்து. அவசரமாக அழுத்தினால் ஏழை ஆறாக எண்ணிக்கொள்ளும். சரியான எண்ணைப் போட்டும் தவறவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.


எழுதியவர்: ஆற்காடு மக்கன்பேடா

பேட்டரி விஷயத்தில் என் தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். ஐம்பதில் எத்தனையாவது என்று ஊகிக்கலாமா? நான் பதினாறு என்கிறேன். தோற்றால் மக்கன்பேடா அரைக் கிலோ.


எழுதியவர்: சத்துவாச்சாரி கணக்கு

அரைக் கிலோ எடுத்து வையுங்கள், சார்.

சனிக்கிழமை காலை ஐந்தரை. நோட்டில் ஐம்பது கட்டம் போட்டு, ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போனேன். 12, 13, 14. காத்திரு. 15, 16, 19. காத்திரு. ஐந்து நிமிடம் என்பது எவ்வளவு நீளம் என்று காருக்குள் மல்லாந்து கிடக்கிறவருக்குத்தான் தெரியும். டேஷ்போர்டுக்கு அடியில் பெரியப்பாவின் பத்து வருஷத்துத் தூசி, ஒரு தேய்ந்த ஊதுபத்திக் குச்சி, திருத்தணி விபூதிப் பொட்டலம் ஒன்று, ஒரு ஐம்பது பைசா. நான்காவது சுற்றில் பால்காரர் வந்தார், காலை மட்டும் பார்த்துவிட்டு "என்னம்மா ஆச்சு" என்று கத்திவிட்டார். ஒன்பது சுற்று, இருபத்தேழு எண் முடிந்ததும் அண்ணன் சொன்னபடி நிறுத்திக்கொண்டேன்.

ஞாயிறு மிச்சத்தை ஆரம்பித்தேன். மூன்றாம் மாடித் தாத்தா வாக்கிங் போகிறவர் நின்று, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். கையில் நோட்டைக் கொடுத்தேன். நான் அழுத்த, அவர் சத்தமாக எண்ணி, கட்டத்தில் பெருக்கல் குறி போட்டார். பழைய தந்தி ஆபீஸ்காரராம், எண்ணுவதில் பிசகே இல்லை. ஐம்பதாவது 97. அதுவும் இல்லை. ஐம்பது கட்டத்திலும் பெருக்கல் குறி.

எனக்கு வந்த கோபத்தில் பட்டனைப் பிடுங்கி எறிந்திருப்பேன். தாத்தா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "கழித்தது சரிதானாம்மா?" என்று கேட்டார். சரி, கடைசிச் சுற்றில் இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறதே என்று கழித்ததிலிருந்து எடுத்தேன். 17. இல்லை. ஐந்து நிமிடம். 71. இல்லை. 26.

சிவப்பு விளக்கு ஒருமுறை நீளமாக எரிந்து அணைந்தது. சாவியைத் திருப்பினேன். பத்து நாள் நின்ற வண்டி, இழுத்து இழுத்து, புகை விட்டு ஸ்டார்ட் ஆனது. தாத்தா கையைத் தட்டினார்.

ஐம்பத்து மூன்றாவது தடவை. ஆரணிக்கு போன் போட்டு, "பெரியப்பா, இருபத்தாறு, கூட்டினால் எட்டு" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "ஆமாம், இப்ப ஞாபகம் வருது. திருடனுக்கு ஆகாத எண்ணாக இருக்கட்டும் என்றுதான் தேடி அதை வைத்தேன்" என்றார். குரலில் பெருமை வேறு. போனை வைத்துவிட்டுத் தாத்தாவிடம் சொன்னேன். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

செவ்வாய்க்கிழமை அதே செட்டுக்கான புது ரிமோட் இரண்டு கிடைத்தது. அதையும் பட்டனை வைத்தேதான் பழக்கவேண்டியிருந்தது. இக்னிஷன் ஆன், குறிப்பிட்ட தடவை அழுத்தல், விளக்கு எரிந்ததும் ரிமோட்டை அழுத்தல். முதலில் ஒன்றை மட்டும் பழக்கிவிட்டுச் சாயங்காலம் இரண்டாவதைப் பழக்கினால், முதலாவது மறந்துபோயிருந்தது. இரண்டையும் ஒரே மூச்சில் பழக்கவேண்டுமாம். இதை யாராவது எழுதி வைத்தால் உபயோகம், அதனால் எழுதுகிறேன். மூன்றாவதாக ஒரு ரிமோட் அம்மாவுக்கு என்று வாங்கும்போதும் மூன்றையும் சேர்த்துத்தான்.


எழுதியவர்: குடியாத்தம் டு மிச்சிகன்

அக்கா, அந்த ஐம்பத்து மூன்று கட்டம் போட்ட பக்கத்தைக் கிழித்துவிடாதீர்கள். அடுத்த தடவை ஊருக்கு வரும்போது பார்க்கவேண்டும். மனைவி இதைப் படித்துவிட்டு, "பெரியம்மாவைக் கேட்டிருக்கக்கூடாது, பெரியப்பா மாதிரி யோசித்திருக்கணும்" என்கிறாள்.


எழுதியவர்: காட்பாடி ஒயர்மேன்

சந்தோஷம், தங்கச்சி. ஒன்று கேட்கிறேன். ரகசிய எண்ணை இங்கே எல்லார் முன்னாலும் எழுதிவிட்டாய், ஊர், வண்டி, அப்பார்ட்மென்ட் தளம் வரைக்கும் சொல்லிவிட்டாய். இன்றைக்கே மாற்றிவிடு. சைரன் கப்ளரை மாட்டினாயா?


எழுதியவர்: சத்துவாச்சாரி கணக்கு

கப்ளரை மாட்டிவிட்டேன் அண்ணே. தாத்தாவே கூட இருந்து, ஒரு தடவை அலறவிட்டுப் பார்த்து, சரி என்றார். எண்ணையும் அன்றைக்கே மாற்றிவிட்டேன். கூட்டினால் எட்டு வருகிறதா என்று மட்டும் கேட்காதீர்கள்.